என் வாயால் போன பெயர்

1. முதல் நாள்

கனடாவில், லொங்குய் நகரின் ஒரு அலுவலகக் கட்டடத்தில் எனக்குத் தந்த அறை, ஒரு அலுமாரியைவிடச் சற்றுப் பெரியது. சுவரெல்லாம் சத்தத்தை உறிஞ்சும் ஸ்பொஞ். ஒரு மைக், ஒரு ஹெட்ஃபோன், இரண்டு திரைகள். மேலாளர் லூக் கதவைச் சாத்தித் திறந்து காட்டி, "உள்ளே இருந்து கத்தினாலும் வெளியே கேட்காது, மதாம். சிலருக்கு அது பிடிக்கும்" என்றார்.

வேலை இதுதான். நேரலையில் ஒருவர் பேசப் பேச, அதே சொற்களை மைக்கில் திருப்பிச் சொல்ல வேண்டும். என் குரலுக்குப் பழக்கிய சொஃப்ட்வெயர் அதை எழுத்தாக்கித் தொலைக்காட்சியின் கீழ்ப்பகுதியில் ஓடவிடும். ரீஸ்பீக்கிங் என்பார்கள். காது கேளாதவர்களுக்கும், சத்தத்தை நிறுத்திவிட்டு ரிவி ஓடும் அலுவலகங்களுக்கும் நாங்கள்தான் குரல். கொமா, ஃபுல்ஸ்டொப், கேள்விக்குறி எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். குரல் ஏறி இறங்கக் கூடாது. நடுங்கினால் சொஃப்ட்வெயர் வேறு எதையாவது எழுதிவிடும்.

என்னோடு மாறி மாறி மைக் பிடிப்பவள் ரெஜினா, மட்டக்களப்புப் பிள்ளை. முதல் கிழமையே எச்சரித்தாள்: "அக்கா, வீட்டிலையும் கொமா வரும். பயப்பிடாதேங்கோ." வந்தது. சாப்பாட்டு மேசையில் நான் "கறி போதுமோ, கேள்விக்குறி" என்று சொல்ல, என் கணவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "போதும், ஃபுல்ஸ்டொப்" என்றார்.

வேகமாகப் பேசுபவர் வந்தால் சில சொற்களை விட அனுமதி உண்டு. "நன்றி"களை விடலாம். ஒரு பெயர் சரியாகப் பிடிபடாவிட்டால் "ஒரு அதிகாரி" என்று போடலாம். பிழையான பெயர் போவதைவிட அது நல்லது என்பது லூக்கின் விதி.

2. அரசாங்க உத்தியோகம்

என் மகள் ஆரணி பஃபலோவில் பிறந்தவள். கனடாவுக்குள் வருவதற்கு எல்லையில் காத்திருந்த நாட்களில் பிறந்ததால் அமெரிக்கக் குடியுரிமை அவளுக்குப் பிறப்பிலேயே கிடைத்தது. படித்து முடித்ததும் வாஷிங்டனில், அரசாங்கச் செலவுகளைப் பரிசோதிக்கும் ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. இங்கே பார்க் எக்ஸ்டென்ஷனில் மண்டபம் எடுத்துச் சாப்பாடு கொடுத்தோம். ஒரு அரசாங்கத்துக்குப் பயந்து ஓடி வந்தவர்கள், இன்னொரு அரசாங்கத்தில் பிள்ளைக்கு வேலை கிடைத்ததற்கு விருந்து வைத்தோம். எங்களுடைய ஆட்களுக்கு அரசாங்க உத்தியோகம் என்றால் அப்படித்தான். நிரந்தரம், மரியாதை, பென்சன். அதற்கு மேல் நாங்கள் ஒன்றும் யோசிக்கவில்லை.

பிறகு அமெரிக்க ஜனாதிபதியின் விவகாரம் வெடித்தது. புயலில் வீடிழந்தவர்களுக்கு வீடு கட்டும் ஒப்பந்தம் அவருடைய நண்பருக்குப் போயிருந்தது. அதைப் பரிசோதித்தது ஆரணியின் அலுவலகம். அறிக்கையிலிருந்து ஒரு பகுதியை எடுத்துவிடச் சொல்லி மேலிடத்திலிருந்து சொல்லப்பட்டதாகச் செய்தி வந்தது. அலுவலகத் தலைவர் இரவோடிரவாக நீக்கப்பட்டார்.

ஆரணி ஃபோனில் பேசுவதைக் குறைத்தாள்.

"ஒருத்தரும் இப்ப எழுத்திலை ஒண்டும் வைக்கிறேல்லை அம்மா. ஈமெயில் போட்டால் பதில் வராது. ஆள் எழும்பி வந்து காதுக்கை சொல்லிப்போட்டுப் போகும். பேந்து கேட்டால், நான் அப்பிடிச் சொல்லேல்லை எண்டும்."

"மேலதிகாரியிட்டைச் சொல்லன்."

"எந்த மேலதிகாரி? எல்லாரும் தற்காலிகம். கையெழுத்து வைக்கப் பயத்திலை ஃபைல் எல்லாம் நிக்குது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கேக் வெட்டினம், வேலையை விட்டிட்டுப் போறவைக்கு. எனக்குக் கேக்கே வெறுத்துப்போச்சு."

"நீயும் வந்திடு பிள்ளை. இஞ்சை பியர்பொன்ட்ஸ் வீட்டிலை உன்ரை அறை அப்பிடியே கிடக்கு."

"பேந்து கதைக்கிறன்."

3. விசாரணை

அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் விசாரணையை ஒரு அமெரிக்க அலைவரிசை நேரலையாகக் காட்டியது. கீழே ஓடும் எழுத்து, கப்ஷன், எங்களுடையது. நானும் ரெஜினாவும் முறை வைத்துச் செய்தோம். சாட்சி சொல்ல வந்தவர், நீக்கப்பட்ட அந்தத் தலைவர். மெலிந்த, வயதான மனிதர். தண்ணீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

என் முறையில்தான் அந்தக் கேள்வி வந்தது. அறிக்கையை மாற்ற மறுத்தது யார்? மூடிய அறையில் சொல்கிறேன் என்றார் அவர். கேட்டவர் விடவில்லை. "பெயரைச் சொல்லுங்கள். அப்படி ஒருவர் உண்மையில் இருக்கிறாரா?" நான் கேள்வியைச் சொன்னேன், கேள்விக்குறியையும் சொன்னேன். சாட்சி தலை குனிந்தார். பிறகு நிமிர்ந்து, என் மகளின் பெயரைச் சொன்னார்.

வாய்க்குப் பழக்கமில்லாத பெயரைத் தட்டித் தடுமாறித்தான் சொன்னார். எந்த ரீஸ்பீக்கரும் அந்த இடத்தில் "ஒரு அதிகாரி" என்று போட்டிருப்பார். யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். ஆனால் எனக்கு அந்தப் பெயர் நன்றாகப் பிடிபட்டது. வைத்தவளே நான்.

யோசித்து முடிவெடுத்தேன் என்று சொன்னால் பொய். யோசிக்க நேரமில்லை. காதில் விழுந்தது, வாயால் போனது. முதற்பெயர், குடும்பப்பெயர். எழுத்து திரையில் ஓடுவதைக் கண்டேன். ஃபுல்ஸ்டொப் சொல்ல மறந்துவிட்டேன். அடுத்தவரின் பேச்சு அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஓடியது. கதவின் கண்ணாடிக்கு அப்பால் ரெஜினா எழும்பி நின்று, "நான் எடுக்கட்டோ?" என்று கையால் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டி, என் முறை முடியும்வரை சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை.

வேலை முடிந்து ஃபோனைத் திறந்தபோது ஆரணியின் அழைப்பு வந்தது.

"அம்மா, எங்கடை ஒபிஸ் ரிவியிலை சத்தம் இல்லை. எழுத்து மட்டும்தான். என்ரை பேரை வாசிச்சிட்டு எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தினம். நீங்களோ?"

"ஓம்."

"சொன்னதைச் சொன்னபடி போட்டிருக்கிறியள்," என்றாள். "இஞ்சை அது நடந்து கனகாலம்."

4. அதற்குப் பிறகு

மிரட்டல்கள் அன்றே தொடங்கின. ஆரணியின் வீட்டு முகவரியை யாரோ இணையத்தில் போட்டார்கள். அவள் தோழியின் வீட்டுக்கு மாறினாள். அலுவலகம் அவளைக் கட்டாய விடுப்பில் அனுப்பியது. பிறகு குழு அவளையே சாட்சிக்கு அழைத்தது. இவர் ஃபோனை என் கையிலிருந்து பறித்து, "பிள்ளை, பஸ் எடுத்து வா. அப்பா போர்டரிலை நிக்கிறன்" என்றார். இதற்கு முன் அவர் அழுது நான் கண்டதில்லை.

"வரமாட்டன் அப்பா. நான் வந்திட்டால் நான் எழுதின அந்தப் பகுதியிலை என்ன இருக்கெண்டு சொல்ல ஆள் இல்லை."

அவள் சாட்சி சொல்லும் நாளுக்கு மட்டும் லூக் என்னை மைக்கிலிருந்து விலக்கி வைத்தார். நெருங்கிய உறவினர் சாட்சியென்றால் மைக் பிடிக்கக் கூடாது என்பது விதி. "மன்னிக்கவும், மதாம்" என்றார். ரெஜினா மட்டும், "நான் ஒரு சொல்லும் விடமாட்டன் அக்கா" என்றாள்.

வீட்டில் சோஃபாவில் இருந்து பார்த்தேன். என் பிள்ளை கை உயர்த்திச் சத்தியம் செய்தாள். புயலில் வீடிழந்தவர்களைப் பற்றிச் சொன்னாள். குடியேற முன்னமே பூஞ்சணம் பிடித்த சுவர்கள், கூரை வராத வீடுகள், எல்லாம் முடிந்துவிட்டதென்று எழுதிய அறிவிப்பு, அந்த வீடுகளுக்கு முன்னாலேயே கூடாரத்தில் படுத்திருந்த குடும்பங்கள். எடுக்கச் சொன்ன பகுதி அதுதான்.

மாதக்கணக்காக இந்த விவகாரம் முழுவதும் என் வாயால் போயிருந்தது. கேள்வி, பதில், மறுப்பு எல்லாம். யாராவது நிறுத்தி, அந்த ஜனாதிபதி என்னதான் செய்தார் என்று கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. எங்கள் வேலையில் கேட்பது அடுத்த நொடியே வெளியே போய்விடும். உள்ளே தங்கினால் அடுத்த வசனம் தவறிவிடும். நல்ல ரீஸ்பீக்கருக்கு அதுதான் பயிற்சி. இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: வீட்டுக்குப் போன பிறகாவது, அன்று சொன்னதில் ஒரு பகுதியை மறுபடி போட்டு, வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.

நான் அன்றுதான் அப்படிக் கேட்டேன். பின்னேரம் வேலையிலிருந்து நீக்கியதாக அவளுக்கு ஈமெயில் வந்தது. அவள் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. அந்தக் கூடாரங்களை விட்டுவிட்டு ஏன் வரமாட்டாள் என்பது எனக்கு இப்போது விளங்குகிறது. விளங்கியதால் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.