ரசமட்டம் வைத்துக் கட்டிய ரோமப் பாலம்

மூன்று அடுக்கு வளைவுகளின் உச்சியில், கால்வாயில் ஊற்றிய தண்ணீர் அசையாமல் நின்றது. வகுப்புப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். பின்வரிசையில் இருந்த தலைமையாசிரியர் பேனாவைத் திறந்தார். அந்தப் பேனாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பாலத்தைச் செய்தவர் என் மச்சாள், என் கணவரின் அக்கா. யாழ்ப்பாணத்தில் பல வருடம் வரலாறு படிப்பித்தவர். சிட்னிக்கு வந்தபின், இன்று ஒரு பள்ளி நாளை ஒரு பள்ளி என்று, லீவு எடுத்த ஆசிரியர்களின் வகுப்புகளுக்கு ஓடிக்கொண்டிருந்தார். பரமட்டாவுக்குக் கிட்ட ஒரு பள்ளியில் நிரந்தர வேலை காலியானது. ஒரு பாடம் நடத்திக் காட்டவேண்டும், பிடித்தால் வேலை. பழைய ரோமர்கள் ஆற்றுக்கு மேலே பாலம் கட்டி, தூரத்து ஊற்றுநீரை நகரத்துக்குக் கொண்டுபோன கதைதான் பாடம்.

வெஸ்ட்மீட்டில் எங்கள் குசினி மேசையில், நீளப் பலகை ஒன்றின்மேல் களிமண் வளைவுகள் எழும்பின. உச்சியில், நெடுக்காகப் பிளந்த பிளாஸ்டிக் குழாய்தான் கால்வாய். மச்சாள் வீடு கட்டும் மேசனின் மகள் அல்லவா, ஒவ்வொரு அடுக்குக்கும் ரசமட்டம் வைத்தார். குமிழி நடுவில் நிற்காவிட்டால் பிரித்துவிட்டுத் திரும்பக் கட்டினார்.

"ஒருக்கா தண்ணி விட்டுப் பாப்பமே, மச்சாள்?" என்றேன்.

"விசரோ உனக்கு? நாளைக்கு வீடு பாக்க ஏஜென்ட் வாறான். கார்பெட் நனைஞ்சால் துலைஞ்சம்."

வாடகை வீட்டுக் கார்பெட்டைக் காப்பாற்றினோம். ஆனால் துளியும் சரிவில்லாத கால்வாயில் எந்தத் தண்ணீர் ஓடும்?

பாலம் தூக்கிவந்த கூலியாளாக வகுப்புக் கதவோரம் நின்ற நான், தலைமையாசிரியரின் பேனாவையே பார்த்தேன். மச்சாளோ பிள்ளைகளின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டார், ரோமர் விடாத ஒரு பிழையை நான் விட்டிருக்கிறேன், யார் கண்டுபிடிப்பீர்கள் என்று.

"டூ ஃபிளாட், மிஸ்!" சரிவே இல்லை என்று ஒரு பிள்ளை கத்தியது.

பலகையின் ஒரு முனைக்கு அடியில் தடித்த புத்தகத்தைச் செருகினார்கள். தண்ணீர் பாய்ந்து மேசையை நனைத்தது. மெல்லிய கொப்பியை வைத்தார்கள். அதுவும் கூடிவிட்டது. ஆளுக்காள் சண்டை பிடித்து, கடைசியில் மடித்த கடதாசி ஒன்று போதுமாயிற்று. தண்ணீர் ஆற்றைத் தாண்டி மெல்ல ஆறுதலாக வந்துசேர, வகுப்பே கூச்சல் போட்டது. மறுமுனையில் கோப்பையை ஏந்தி நின்றவர் தலைமையாசிரியர்! எனக்கும் கத்தவேண்டும் போலிருந்தது, கத்தினேன்.

"செத்தே போனன், தெரியுமோ?" என்று காரில் ஏறியதும் மச்சாள் என் தோளில் அடித்துச் சிரித்தார்.

இப்போது அவர் அங்கே நிரந்தர ஆசிரியர். ஒவ்வொரு வருடமும் அந்தப் பாலம் மேசைக்கு வருகிறது. ஒவ்வொரு வருடமும் தண்ணீர் முதலில் அசையாமல்தான் நிற்கிறது. ரசமட்டம் வைத்து, அப்படி நிற்கப் பண்ணுகிறவர் மச்சாள்தான்.