அமர்ந்திருத்தல் விரதம்

எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். அவர் மனைவி ஐயரம்மா. டிசம்பர் பிறந்த முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் ஐயரம்மா என் தோளைத் தொட்டு, "கிறிஸ்துமசுக்கு முன்னால வர்ற பெண்கள் கூட்டத்துல நீ ஒரு சாட்சி சொல்லணும்மா. இந்த ஓட்டத்துக்கு நடுவுலயும் ஆண்டவர் பாதத்துல அமர்ந்திருந்து இளைப்பாறுனதைப் பத்தி. படிச்ச பொண்ணு, நல்லாச் சொல்லுவே" என்றார்.

சரிங்கம்மா என்றேன். யார் எதைக் கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது அதுதான். ஸ்கூட்டரில் பாதி வழி வந்த பிறகுதான், நான் அமர்ந்ததும் இல்லை, இளைப்பாறியதும் இல்லை என்பது உறைத்தது. சாட்சி என்றால் நடந்ததைச் சொல்வது. நடக்காததைச் சபை நடுவே சொன்னால் அதற்கு வேறு பெயர். ஆகவே, கூட்டம் வருவதற்குள் ஒரு மணி நேரமாவது அமைதியாக அமர்ந்துவிடுவது என்று தீர்மானித்தேன். இருக்கிற வேலைகளோடு அதையும் ஒரு வேலையாகச் சேர்த்துக்கொண்டேன் என்பது அப்போது தோன்றவில்லை.

கணபதி என்ற பகுதியில், வீட்டுக்காரம்மாவின் வீட்டுப் பின்கட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். மதிலுக்கு அந்தப் பக்கம் லேத் பட்டறை. விடியற்காலையில் அமரலாம் என்றால் குழாயில் தண்ணீர் வந்துவிடும். மதியம் என்றால் பட்டறை இரும்பைக் கடைய ஆரம்பிக்கும். நான் கண்ணை மூடினால் என் கைக்குழந்தை அதைத் தனக்கான விளையாட்டு என்று எண்ணி இமையைப் பிடித்துப் பிரிப்பாள். ஞாயிறு பள்ளி நாடகத்துக்குத் தேவதூதர்களின் சிறகுகள் வேறு என் பொறுப்பு; சாம்பாரில்கூடப் பஞ்சு மிதந்தது. ஒருநாள் குளியலறைக்குள் போய்த் தாழிட்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் கணவர் கதவைத் தட்டி, "ஓமத்தண்ணி வெச்சிருக்கறேன். வெளிய வந்து குடி" என்றார்.

கூட்டம் நெருங்கிவிட்டது. துணி உலர்த்தப் போன இடத்தில் வீட்டுக்காரம்மா என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, மூஞ்சி ஏன் இப்படி வாடிக் கெடக்குது?"

"ஒரு மணி நேரம் அமர்ந்திருக்கோணுங்க்கா. முடிய மாட்டீங்குது."

"ஒக்கோர்றதுக்கு என்ன, அந்தா சேர் கெடக்குது பாரு."

"அப்படி இல்லீங்க்கா. யார்கூடயும் பேசாம, ஒரு சோலியும் செய்யாம, சாமிய நெனச்சுட்டு…"

"அட, மௌன விரதம்னு சொல்லு. அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

விரதம் இல்லை என்று திருத்தியிருக்க வேண்டும். திருத்தினால் அவர் மனம் நோகுமோ, திருத்தாவிட்டால் உபதேசம் பிசகுமோ என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் முடிவு செய்துவிட்டார்.

"நாளைக்கு மார்கழி வெள்ளிக்கெழம. தலைக்குத் தண்ணி வாத்துக்கிட்டு உள்ள போயி ஒக்கோரு. புள்ளைய நாம் பாத்துக்கறேன். எவ வந்தாலும் நாம் பாத்துக்கறேன்."

மறுநாள் கணவர் வேலைக்குப் போனதும் வீட்டுக்காரம்மா வந்து குழந்தையை இடுப்பில் வாங்கிக்கொண்டார். கதவைச் சாத்தினார். வெளியே பூட்டு விழும் சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி இழுக்கும் சத்தம்.

வேதாகமத்தை மடியில் வைத்துக் கண்ணை மூடினேன். அச்சு முறுக்கு அச்சை எண்ணெயில் ஊற வைத்தேனா? எந்தச் சிறகுக்கு இன்னும் நாடா தைக்கவில்லை? குழந்தை ஏன் அழவில்லை? நான் இல்லாமலும் அவள் இருந்துகொள்கிறாள் என்றால் நான் எப்படிப்பட்ட தாய்?

வெளியே கேபிள்காரரின் குரல்.

"விரதமுங்க தம்பி. நாளைக்கு வாங்க."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு குரல். கேட்டதும் எனக்கு முதுகு நிமிர்ந்தது.

"ஐயரம்மா வந்திருக்கேன்னு சொல்லுங்களேன்."

"ஐயரம்மாங்களா? வாங்க வாங்க. நீங்களே சொல்லுங்க, விரதத்துல இருக்கறவிய எந்திரிச்சு வரலாங்களா? மௌன விரதமுங்க."

"விரதமா? யாரு, நம்ம பொண்ணா?"

"ஆமாங்க. மார்கழி வெள்ளியில்லைங்களா. இதெல்லாம் உங்களுக்கு நாஞ் சொல்லோணுங்களா? நீங்கதான எங்களுக்கு நாளு கெழம சொல்லோணும்."

ஐயரம்மா என்ற பேரைக் கேட்டு, எங்கள் போதகரின் மனைவியைப் பிராமண மாமி என்று நினைத்துவிட்டார் வீட்டுக்காரம்மா. நான் பாய்ந்து கதவருகே போனேன். பேசினால் எனக்காகக் காவல் இருப்பவரின் வார்த்தை பொய்யாகும். பேசாவிட்டால் நான் விசுவாசத்தை விட்டு விலகிவிட்டதாகச் சபையில் ஜெபம் ஏறெடுக்கப்படும். கதவை இழுத்துப் பார்த்தேன். பூட்டு அசையவில்லை.

நான் செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

அந்த டிசம்பரில் முதல்முறையாக உண்மையிலேயே ஒன்றும் இல்லை. "ஆண்டவரே, நீரே பார்த்துக்கொள்ளும்" என்று முணுமுணுத்தேன். ஜெபம் என்று சொல்லும்படி அதில் வேறு வார்த்தை இல்லை. வெளியே இன்னொரு நாற்காலி இழுக்கப்பட்டது. "ஒரு வாய் மோரு குடிங்க" என்றது வீட்டுக்காரம்மாவின் குரல். ஐயரம்மாவின் தாழ்ந்த குரலும் குழந்தையின் சிரிப்பும் லேத்தின் இரைச்சலும் ஒன்றாகக் கலந்தன. பாயில் சாய்ந்தது நினைவிருக்கிறது. பிறகு கண் விழித்தபோது கன்னத்தில் பாயின் கோடுகள் பதிந்திருந்தன. உடம்பு எனக்குச் சொந்தமானது போல இருந்தது.

கூட்டத்தில் எழுந்து நின்று இதை அப்படியே சொன்னேன். அமர்ந்திருக்கவில்லை, தூங்கிவிட்டேன் என்றேன். முன்வரிசையில் ஒருவர் முந்தானையால் வாயைப் பொத்தினார். அப்புறம் ஒவ்வொரு வரிசையாகச் சிரிப்பில் குலுங்கியது. நிறைவு ஜெபம் செய்ய எழுந்த ஐயரம்மாவால் இரண்டு முறை தொண்டையைச் செருமியும் தொடங்க முடியவில்லை.

வெளியே வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "கிறிஸ்துமஸ் முடியறதுக்குள்ள அந்தம்மா ஒரு நாள் எங்க வீட்டுக்கு வந்து பூட்டுவாங்களா?"

அவர் விளையாட்டாகக் கேட்டதாகத் தெரியவில்லை. வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன்.

"பாவம், அவிய மூஞ்சியும் வாடித்தான் இருந்துது. எப்பன்னு சொல்லு, வாரேன்" என்றவர், சற்று யோசித்துவிட்டுக் கேட்டார். "பூட்டு அவிய ஊட்ல இருக்குமா, நாங் கொண்டு போகோணுமா?"