ஜெர்மனிக்குப் பூக் கேட்ட கதை

எங்கள் வகுப்பிலிருந்து ஆறு பேரை மூன்று வாரம் ஜெர்மனிக்கு அனுப்பப் போவதாகக் கல்லூரியில் அறிவித்தார்கள். நெசவு எந்திரங்கள் செய்கிற ஓர் ஊரில் தங்கி, அங்கே பாடம் கேட்டு, ஆலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. ஆறு பேரில் பெண் நான் ஒருத்திதான். மதிப்பெண்ணில் முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. அன்றைக்கு எங்கள் வீட்டில் இதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள்.

கையில் இரண்டு பக்கப் பட்டியல் கொடுத்தார்கள். பாஸ்போர்ட் நகல் நான்கு. இரண்டு காதும் தெரிகிற மாதிரி போட்டோ ஒரு டஜன். கம்பளி உடுப்பு, கனமான ஷூ, மாத்திரை கொண்டுபோனால் டாக்டர் சீட்டு, அந்த ஊர் பிளக் ஒன்று. பெட்டி இருபது கிலோவைத் தாண்டக் கூடாது. எனக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு தாள் இருந்தது. மகளை அனுப்பச் சம்மதம் என்று பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய தாள். பையன்கள் ஐந்து பேருக்கும் அது இல்லை. நேரே ஆபீசுக்குப் போய்க் கிளார்க்கிடம் கேட்டேன்.

"பொம்பளப் புள்ளைங்களுக்கு வாங்கறதுதானுங்க. ஒரு பாதுகாப்புக்கு" என்றார்.

"யாரோட பாதுகாப்புக்குங்க?" என்றேன். அவர் பீரோவில் எதையோ தேட ஆரம்பித்துவிட்டார்.

கையெழுத்து ஒரு பிரச்சினையாகும் என்று அப்போது நான் நினைக்கவே இல்லை. துடியலூரில் அப்பா சின்னதாக மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருந்தார். மகள் ஜெர்மனி போகிறாள் என்று பட்டறைக்கு வந்து போகிறவர்களிடம் எல்லாம் அவரே சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த ஊரு மெசினெல்லாம் நல்லாப் பாத்துட்டு வா கண்ணு" என்று என்னிடமும் சொன்னார். உக்கடத்தில் பழைய சாமான் கடையில் ஷூ வாங்கினோம். ஒரு நம்பர் பெரிசு. முன்னால் பஞ்சு வைத்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. பெட்டியைப் பட்டறைத் தராசில், இரும்பு வார்ப்பு நிறுக்கிற அதே தராசில், தூக்கி வைத்தார். இருபத்தேழு கிலோ. நான் அம்மாவின் ஊறுகாய் பாட்டிலை எடுத்து வெளியே வைத்தேன். அம்மா என் புத்தகங்களை எடுத்து வெளியே வைத்தாள். பருப்புப் பொடிக்காக எங்களுக்குள் ஒரு சண்டையே நடந்தது.

"அங்க போயி புஸ்தகத்தவா சோத்துல போட்டுப் பெசஞ்சு திங்கப் போற?" என்றாள். கடைசியில் பொடியைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, ஸ்வெட்டர் கைகளுக்குள் திணித்தாள். அப்புறமும் தராசு இருபத்தொன்று காட்டியது.

இந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டுக்குப் பெரியப்பா வந்தார். அப்பாவுக்கு அண்ணன். தோட்டம், கல்யாணம், கிணறு என்று எங்கள் குடும்பத்தில் எதுவும் அவர் வாயைத் தாண்டி நடக்காது. பெட்டியைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார், சோபாவில் உட்கார்ந்தார்.

"கடல் தாண்டிப் போறதுங்கறது சின்ன காரியமா? சாமிகிட்டப் பூக் கேட்டுப்போட்டு முடிவு பண்ணிக்கலாம்" என்றார்.

எங்கள் பக்கம் இது வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெளியே தெரியாமல் மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். சின்னக் குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி சரி சொல்லிவிட்டது, சிவப்பு வந்தால் வேண்டாம் என்று அர்த்தம்.  பரீட்சை எழுதியது நான், பாஸ்போர்ட்டுக்கு நாள் கணக்காய் வரிசையில் நின்றது நான், முடிவு பண்ணப் போவது ஒரு பொட்டலமா? அப்பாவோ "கேட்டுக்கலாமுங்க அண்ணா" என்று உடனே தலையாட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வேனில் ஏறி மதுக்கரை தாண்டி இருக்கிற குலசாமி கோயிலுக்குப் போனோம். மறுநாள் திங்கட்கிழமை சம்மதத் தாளைக் கொடுத்தாக வேண்டும். அன்று மாலை ரயிலில் எங்கள் ஆசிரியர் எல்லோருடைய விசா காகிதங்களையும் சென்னைக்கு எடுத்துப் போகிறார். என் தாள் வராவிட்டால் வரிசையில் ஏழாவதாக இருந்தவன் போவான். இதைப் பெரியப்பாவிடமும் சொல்லியிருந்தேன். பூசாரி பொட்டலங்களைப் போட்டார். பெரியப்பாவின் பேத்திக்கு ஐந்து வயது. மிட்டாய் என்று நினைத்து ஓடிப்போய் ஒன்றை எடுத்தாள். பிரித்தார்கள். சிவப்பு.

"சாமி சொல்லிப்போட்டுது. அவ்வளவுதான் அம்மணி, மனசத் தேத்திக்கோ" என்றார் பெரியப்பா. அவர் குரலில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

"போன வருசம் தோட்டத்துல போர் போடறதுக்கு எத்தன தடவ பூக் கேட்டீங்க பெரியப்பா?" என்றேன்.

 எல்லோருக்கும் தெரியும். முதல் தடவை சிவப்பு. அடுத்த அமாவாசைக்கும் சிவப்பு. மூன்றாவது தடவை வெள்ளை வந்ததும் அன்றைக்கே வண்டியை வரவழைத்து ஆழ்துளைக் கிணறு போட்டார்.

"தண்ணிக்கு மூணு தடவ கேப்பீங்க, எனக்கு ஒரு தடவைதானா?"

"வாய மூடு!" என்று அப்பா கையை ஓங்கினார். அடிக்கவில்லை. பெரியப்பா எழுந்து வேட்டியை உதறினார். வேண்டுமென்றால் அடுத்த அமாவாசைக்கு மறுபடி கேட்கலாம் என்றார். அதற்குள் விமானமே போயிருக்கும், அது அவருக்கும் தெரியும்.

"கேக்க வேண்டாமுங்க. செவப்புதானே வந்துச்சு? செவப்போடயே போறேன்" என்றேன்.  சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, இன்றைக்கும் வாங்கிக்கொள்ள மாட்டேன். சாமி மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் தாளையும் பேனாவையும் அப்பா முன்னால் வைத்தேன். பேனாவை என் பக்கமே தள்ளி வைத்தார்.

"நாளைக்கு உனக்கு அங்க ஒண்ணுன்னா எங்கண்ணன் மூஞ்சில நான் எப்படி முழிக்கறது? என்னால முடியாது கண்ணு" என்றார். திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். கெஞ்சுகிற மாதிரி சொன்னதால் தாளை அங்கேயே விட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன். காலையில் நான் எழுந்திருப்பதற்குள் பட்டறைக்குப் போய்விட்டிருந்தார். தாள் அப்படியே கிடந்தது.

அம்மா கோயிலிலும் வாய் திறக்கவில்லை, வீட்டிலும் திறக்கவில்லை. பெரியப்பா இருக்கிற இடத்தில் அவள் பேசி நான் பார்த்ததே கிடையாது. எனக்கு அவள் மேல் கடுங்கோபம். பெட்டியைத் திறந்து பொடிப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வீசினேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். பொட்டலங்களைப் பொறுக்கித் திரும்ப உள்ளே வைத்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தாளை எடுத்துச் சுவரில் வைத்து, எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். ஐந்தாவதோடு நிறுத்தப்பட்டவள்.

"அப்பா கையெழுத்துத்தான் கேப்பாங்கம்மா. திருப்பி அனுப்பிருவாங்க."

"எப்படி அனுப்பறாங்கன்னு பாக்கலாம். சேலை மாத்திட்டு வாரேன், இரு."

பஸ்ஸில் இரண்டு பேரும் நின்றுகொண்டே போனோம். கூட்டத்தில் என் காதருகே குனிந்து, "உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னையத்தான் சொல்லுவாங்க. எனக்குத் தெரியும். சொல்லிட்டுப் போகட்டும்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தின நாள் நான் போட்ட சத்தமெல்லாம் என் ஒருத்திக்காக. இவள் திரும்பி அந்த வீட்டுக்குத்தான் போயாக வேண்டும்.

ஆபீசில் கிளார்க் தாளை வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"அம்மா போட்டிருக்கறீங்களாட்ட இருக்குது. அப்பா போடோணுமுங்களே. அவரு ஊர்ல இல்லீங்களா?"

"இருக்கறாருங்க" என்றாள் அம்மா. "அவருக்குத் தைரியம் பத்தலீங்க. எனக்கு இருக்குதுங்க. வாங்கிக்குங்க."

 அம்மா மேஜையை விட்டு நகரவில்லை. கிளார்க் தாளில் முத்திரை குத்தி, பையன்கள் ஐந்து பேருடைய காகிதங்களோடு சேர்த்து வைத்தார்.