எச்சில் வடித்த மேஸ்திரி

தச்சருக்குக் கோபம் வருவதே அபூர்வம். வந்தால் அது பென்சிலைக் காணோம் என்பதற்காகத்தான் இருக்கும். மரத்தை அளக்கும்போது பென்சிலை வாயில் குறுக்காகக் கவ்விக்கொள்வார். அளந்து முடித்ததும் எங்காவது வைத்துவிட்டு வீட்டையே இரண்டு பண்ணுவார். அன்று காலையும் பழி மனைவி தலையில்தான் விழுந்தது. அந்த அம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் உப்புத்தாளால் பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டறையில் இவர்களோடு ஒரு நாயும் உண்டு. ஒரு துரும்பையும் நகர்த்தாமல் நாள் முழுக்க வேலையை மேற்பார்வை பார்ப்பதால் அதற்கு மேஸ்திரி என்று பேர். பிள்ளை இல்லாத வீட்டில் அதுதான் செல்லப்பிள்ளை.

மதியம் மேஸ்திரியின் வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக ஒழுகத் தொடங்கியது. கீழே கிடந்த மரத்தூள் நனைந்து கூழாகிவிட்டது. சோற்றை முகர்ந்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்து, முன்னங்காலால் முகத்தைப் பிறாண்டியது. எதிர்க்கடை டெய்லர் எட்டிப் பார்த்து, இது வெறியேதான், நகராட்சிக்குச் சொன்னால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்றார். ஊசியெல்லாம் தவறாமல் போட்டிருக்கிறோமே என்று மனைவி சொன்னது தச்சர் காதில் ஏறவே இல்லை. யாரும் அதன் வாயில் கை வைக்காமல், ஆண்டவன் மேல் பாரத்தைப் போட்டு, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். வழியெல்லாம் தச்சர் பிரார்த்தனையை முணுமுணுத்தபடியே வந்தார்.

கால்நடை மருத்துவர் அம்மா பதறவில்லை. ஊசி விவரம் கேட்டார். பல்வலி, வாய்ப்புண், ஆகாததைத் தின்றது, வண்டியில் போனால் குமட்டல் என்று எச்சில் ஊறப் பல காரணம் உண்டு, பார்த்துவிடலாம் என்றார். கையுறை மாட்டி, வாயைத் திறந்து டார்ச் அடித்தவர் சிரித்துவிட்டார். மேல்வாயில் பற்களுக்கு நடுவே குறுக்காக மாட்டியிருந்ததை இடுக்கியால் நெம்பி எடுத்தார். சிவப்புப் பென்சில் துண்டு.

"இது யாரோடது?"

தச்சர் கூரையைப் பார்த்தார்.

"இதுக்குத்தான் டாக்டரம்மா, காலையிலேர்ந்து நான் திட்டு வாங்கிட்டு இருக்கேன்," என்றாள் மனைவி.

"பென்சிலைக் கவ்வுற பழக்கம் நாய்க்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

"எல்லாம் முதலாளியைப் பாத்துதான்."

பட்டறைக்குத் திரும்பியதும் மேஸ்திரி ஒரு தட்டுச் சோற்றை ஒரே மூச்சில் காலி பண்ணியது. தச்சர் ஆண்டவனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, புதுப் பென்சிலைச் சீவி ஜன்னல் சட்டத்தை அளக்க உட்கார்ந்தார். கை தன்பாட்டுக்குப் பென்சிலை வாய்க்குக் கொண்டுபோனது.

"மேஸ்திரி பாக்குது," என்றாள் மனைவி, தலை நிமிராமலே.

பென்சில் காதோரம் ஏறிக்கொண்டது.