வெள்ளையக்கா போட்ட வழக்கு

வெள்ளை என்பது ஒரே நிறம் என்று நினைப்பவர்கள் எங்கள் தெருச் சலவைக்கடையில் பத்து நிமிடம் நின்றால் போதும். அக்கா ஒவ்வொரு விரிப்பாக வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, "இது பால் வெள்ளை, இது சுண்ணாம்பு வெள்ளை, இது சோம்பேறி வெள்ளை" என்று பிரித்துப் போடுவார். கடைசி ரகம், சரியாக அலசாதது. பதினெட்டு வருடமாக மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கிறவர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. வெள்ளையக்கா என்றால் கடை வாசலிலேயே கொண்டுபோய் விடுவார்கள்.

ஒரு நாள் காலையில் எந்த ரகத்திலும் சேராத ஒரு விரிப்பு அவர் கையில் வந்தது. மூன்று முறை அலசியும் அதில் மெலிதாக ஒரு மஞ்சள் நின்றது.

"கண்ணாடி போடுற வயசு வந்தாச்சு உனக்கு" என்றார் மூட்டை கட்டிக்கொண்டிருந்த அக்காவின் வீட்டுக்காரர்.

"கண்ணாடிய நான் போட்டா கிணறு தெளிஞ்சிருமா?"

கடைக்குப் பின்னால், ஒரு வருடத்துக்கு முன் ஒரு முலாம் பட்டறை வந்திருந்தது. தண்ணீர்க் குழாய்களுக்கும் சைக்கிள் கைப்பிடிகளுக்கும் பளபளப்பு ஏற்றுகிற இடம். கழுவிய தண்ணீரைக் கொல்லையில் ஒரு குழியில் விட்டார்கள். டம்ளரில் ஊற்றிப் பார்த்தால் கிணற்று நீரில் ஒன்றும் தெரியாது. ஆறு முழ வெள்ளைத் துணியில் அந்த மஞ்சளால் ஒளிந்துகொள்ள முடியவில்லை.

மாசு கட்டுப்பாட்டு அலுவலகத்தில் இருந்தவர் விரிப்பைத் தொடாமலே பார்த்தார். "துணி மஞ்சளாச்சுன்னா அது உங்க யாவார நஷ்டம்மா. அதுக்கு இங்க வந்து என்ன பண்ண?"

அதே விரிப்பை அக்கா ஒரு வக்கீலம்மாவின் மேசையில் விரித்தார். வக்கீலம்மா, பாதி தின்ற பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார்.

"துணிய விடுங்க. அந்தத் தண்ணிய யாரு குடிக்கறாங்க?"

"நாங்கதான். முப்பத்தாறு வீடு. பக்கத்து வீட்டுக்காரிக்கு ஆறு மாசமா கையெல்லாம் புண்ணு. எம்மேல கோவம், என் சோப்புனாலன்னு."

"அப்ப இது துணி வழக்கு இல்ல. உயிரோட இருக்கற உரிமைக்கான வழக்கு. நல்ல தண்ணி இல்லாம எப்படி உயிரோட இருக்கறது?"

அக்காவுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. தெரிந்த விஷயத்துக்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருப்பது, கூட்டத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்ததுபோல் இருந்திருக்க வேண்டும். ஏழு கிணறுகளிலிருந்து தண்ணீர் எடுத்து ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றார் வக்கீலம்மா. "பாட்டில் மட்டும் சுத்தமா இருக்கணும்."

அந்த வார்த்தையை வெள்ளையக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாது. ஏழு பாட்டில்களையும் அவர் பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டார். தேய்த்தார், கவிழ்த்தார், வெயிலில் காயவைத்தார். கல்யாணப் பெண்ணை அனுப்புவதுபோல் ஆய்வகத்துக்கு அனுப்பினார்.

பசுமைத் தீர்ப்பாயத்தில் பட்டறையின் வக்கீல் மிகவும் மரியாதையாகப் பேசினார். "ஏழு பாட்டிலிலும் குளோரின். இந்த முடிவுகளை நம்ப முடியாது என்று ஆய்வகமே எழுதியிருக்கிறது. இந்தத் தெருவில் குளோரின் பவுடரை மூட்டையாக வாங்குவது யார்? மனுதாரரேதான். அவருடைய சாக்கடையும் அதே மண்ணில்தான் இறங்குகிறது." வழக்கு இரண்டு வாரம் தள்ளிப்போனது.

நடைபாதையில் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "நாந்தாம்மா கெடுத்தேன். கழுவிக் கழுவிக் கெடுத்தேன்."

"திரும்ப எடுக்கச் சொல்லலாம். அதிகாரியே வந்து, அவங்க பாட்டில்ல எடுக்கணும். ஆனா உங்க சாக்கடையையும் எடுன்னு பட்டறை வக்கீலு கேப்பாரு. அதுல ஏதாவது வந்தா உங்க கடைக்குப் பூட்டுதான்" என்றார் வக்கீலம்மா.

"பேசாம வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்" என்றார் வீட்டுக்காரர்.

"வாய மூடிக்கிட்டா தண்ணி எப்படிக் குடிக்கறது?"

ஆனால் வீட்டுக்கு வந்ததும் அக்கா நேராகக் கொல்லைக்குப் போனார். தன் சாக்கடை முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நுரை கொழகொழவென்று மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. பதினெட்டு வருடத்தில் துணியிலிருந்து போன அழுக்கைத்தான் பார்த்திருந்தார். அது போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்த்ததில்லை.

அடுத்த விசாரணையில் பட்டறை வக்கீல் வாய் திறப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டார். வக்கீலம்மா புடவையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

"ஐயா, பாட்டில பிளீச்சிங் போட்டுக் கழுவுனது நாந்தான். கைப்பழக்கம். கிணத்துத் தண்ணிய உங்க ஆளுங்களே வந்து எடுக்கட்டும். பட்டறைக் குழிய எடுங்க. என் சாக்கடையையும் சேத்து எடுங்க. என்மேல தப்பு இருந்தா எனக்கும் எழுதுங்க. அதுக்காக முப்பத்தாறு வீடு அந்தத் தண்ணியக் குடிக்கணும்னு இல்லையே?"

நீதிபதி பேனாவை எடுத்தார். பட்டறையின் வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். அவர் கேட்க வைத்திருந்ததை அக்காவே கேட்டுவிட்டிருந்தார்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. பட்டறைக் குழியிலும் ஐந்து கிணறுகளிலும் குரோமியம், கைப்பிடிகளுக்குப் பளபளப்பு ஏற்றுகிற அதே உலோகம். அக்காவின் சாக்கடையில் குரோமியம் இல்லை. சோப்பும் காரமும் அளவுக்கு மேல். சுத்தமான நீர் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று உத்தரவு தொடங்கியது. சுத்திகரிப்பு அமைக்கும்வரை பட்டறை மூடப்பட வேண்டும். தெருவுக்குப் பட்டறைச் செலவில் தினமும் லாரித் தண்ணீர். ஆறாவது பத்தியில் அக்கா இருந்தார்: முப்பது நாளுக்குள் வடிகட்டும் தொட்டி கட்டாவிட்டால் கடை மூடப்படும்.

"ஜெயிச்சவங்களுக்கும் தண்டனை குடுத்த மொத வழக்கு இதுதான்" என்று வீட்டுக்காரர் அலுத்துக்கொண்டார். செங்கல் சுமந்ததும் அவர்தான். பக்கத்து வீட்டுக்காரி, புண் ஆறாத கையோடு வந்து மணல் சலித்துக் கொடுத்தாள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. சல்லடையை அக்கா கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

இருபத்தாறாம் நாள் அதிகாரி வந்தார். அன்று விரிப்பைத் தொடாதவரேதான். தொட்டியை எட்டிப் பார்த்து, வெளியே வந்த நீரைச் சோதித்து, படிவத்தில் குறித்துக்கொண்டார்.

"சரியா இருக்கும்மா."

"பட்டறையப் பாத்தீங்களா? ரெண்டு நாளா பின்பக்கம் மோட்டார் சத்தம் கேக்குது."

"பூட்டிச் சீல் வச்சிருக்கே. வெளியில இருந்து பாத்துட்டு எழுதிக்கறேன்."

"வெளியில இருந்தா?" அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்தார். கடைக்குள் திரும்பி, "ஏங்க, நம்ம மெஷின நிறுத்துங்க. அந்தச் சத்தம் இவருக்கும் கேக்கட்டும்" என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு அதிகாரிக்கு முன்னால் நடந்தார்.

"வாங்க. கொல்லை வழி எனக்குத் தெரியும்."