குட்டியை வாயில் கவ்வி நின்ற நரி

சங்கரன்கோவில் பக்கமிருந்து வேலைக்கு வந்த நான் வல்லக்கோட்டையில் அறை எடுத்திருந்தேன். அறைக்கும் கம்பெனிக்கும் நடுவே சின்னதாய் ஒரு காப்புக்காடு. பஸ் சுற்றிக்கொண்டு போகும். காட்டுக்குள் நடந்தால் இருபது நிமிடம். என் லைனில் வேலை செய்த உள்ளூர் அக்காவும் நானும் விடிந்தும் விடியாமலும் அந்தப் பாதையில் போவோம், ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்குத் திரும்புவோம். ஒரு வருடத்தில் நாய்களைத் தவிர எதையும் பார்த்ததில்லை. நரியெல்லாம் தன் சின்ன வயதிலேயே ஒழிந்துவிட்டது என்பாள் அக்கா.

ஒருநாள் திரும்பும்போது ஆராய்ச்சி மாணவி ஒருத்தி எங்களை நிறுத்தினாள். மிருகங்கள் எந்த நேரத்தில் நடமாடுகின்றன என்று பார்க்க மரத்தில் கேமரா கட்டியிருந்தாளாம். அதில் நாங்களும் விழுந்திருந்தோம். அழிப்பதற்கு முன் சொல்ல வந்திருக்கிறாள். கொட்டாவி விடும் என் படத்தைப் பார்த்து அக்கா சிரித்தாள்.

அடுத்த படத்தில் சிரிப்பு நின்றது. நாங்கள் கடந்து பதினோரு நிமிடத்தில், அதே இடத்தில் மூன்று நரிகள். மறுநாளும் அப்படியே. எங்களுக்கு இரண்டாம் ஷிஃப்ட் வந்து, காலையில் நாங்கள் போகாத வாரத்தில் அவை விடியற்காலையிலேயே நடந்தன. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், நாங்கள் நடக்கும் மண்ணில் குட்டிகள் உருண்டுகொண்டிருந்தன.

கடைசியாக, அக்காவுக்கு முள் குத்திய நாள். அவள் பாதையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் போனில் வெளிச்சம் அடிக்கிறேன். எங்களுக்குப் பின்னால், வேலிக்காத்தான் புதரில், ஒரு தாய் நரி. வாயில் குட்டி. அடுத்தடுத்த எல்லாப் படத்திலும் அசையாமல் அங்கேயே நின்றது. நாங்கள் எழுந்து போன பிறகுதான் பாதையைத் தாண்டியது.

அக்கா படங்களின் மூலையில் இருந்த நேரத்தைப் பார்த்தாள்.

"பத்து நிமிசம். புள்ளைய வாயில வச்சிக்கினு நின்னுகினு கீது. நான் குந்திக்கினு கத பேசினு இருந்துகிறேன்."

"நமக்குத் தெரியாதுல்லாக்கா" என்றேன்.

"நமக்குத் தெரில. நாம வர்ற டைம் அதுக்குத் தெரிஞ்சிகீதே."

அந்தப் படத்தை மட்டும் அழிக்க வேண்டாம் என்று மாணவியிடம் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் அவள் பாதைக்கு வரவில்லை. மெயின் ரோட்டில் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். அரைமணி முன்னதாக எழ வேண்டியிருந்தது.

ஒரு மாதம் கழித்து மாணவியைச் சந்தித்தோம். நாங்கள் நடந்த நேரத்தில் இப்போது நரிகள் நடக்கின்றன என்றாள். ஆனால் நான்கைந்து பையன்கள் அந்தக் குறுக்குவழியைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். அவர்களிடம் போய் என்னவென்று சொல்வது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.