பொன் பூசிய இருபது சதம்

வங்கியில் முதல்நாள் வாங்கிய காசு உருளைகளைச் சனிக்கிழமை காலை குசினி மேசையில் பிரித்து, அரிய நாணயம் ஏதும் அகப்படுமா என்று தேடினேன். வெள்ளை இருபது சதங்களுக்கு நடுவே பொன் பூசிய ஒன்று மின்னியது. பழைய நாணயம் வாங்குபவருக்குத் தொலைபேசி எடுத்தேன். நாற்பது டொலர் தருவதாகவும், அதைத் துடைக்கக்கூட வேண்டாம் என்றும் சொன்னார். அதன்பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் பின்வளவுக்குமாக நடந்தேன்.

திரும்பி வந்தபோது காசு சாமிப் படத்துக்கு முன்னால் குங்குமப் பொட்டோடு இருந்தது.

"வீட்டுக்குப் பொன் வந்தால் சாமிக்கு வைக்காமல் விடுறதே? பழப்புளி போட்டு நல்லாத் தேய்ச்சுத்தான் வைச்சனான்," என்றாள் மனைவி.

கத்த வாயெடுத்தேன், சாமிக்கு முன்னால் முடியவில்லை. பொன் உரிந்த இடமெல்லாம் வெறும் இருபது சதம் தெரிந்தது. அதை மற்றக் காசுகளோடு திருப்பிக் கொடுப்பதற்கும் வங்கி திறக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது.